ஐஸ்லாந்தை மெதுவாக்கிய ஸ்க்ரூ

ஐஸ்லாந்துக்காரர்களால் சந்தோஷமாகப் பாட முடியாது என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அந்தக் குளிருக்கு உடம்பு ஒத்துழைக்காது என்பது என் கணிப்பு. ஆகவே, அவர்களுடைய பாட்டு ஒன்று என் வீட்டு டேப்ரெக்கார்டரில் துள்ளிக்கொண்டு வந்தபோது, டேப்ரெக்கார்டர் வேகமாக ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. விவேக் நகரில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஓசூர் ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டுக்காரர்கள் நிரப்பி அனுப்பும் இன்ஷூரன்ஸ் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை. யாரோ ஒருவருக்கு எங்கேயோ கால் உடைந்தால் எங்கள் மாடியில் எனக்குத்தான் முதலில் தெரியும். அந்த அலுவலகத்தில் என் உண்மையான பதவி கோமாளி. யாராவது வேலையை விட்டுப் போனால் வழியனுப்புப் பேச்சு நான். மேனேஜர் போல நடந்து காட்டுவது நான். மேனேஜரே வந்து கேட்டு, அவருக்கும் நடந்து காட்டியிருக்கிறேன்.

எல்லாக் கோமாளிக்கும் ஒரு ரகசிய ஆசை உண்டு: யாராவது தன்னை ஆழமான ஆள் என்று நினைக்கமாட்டார்களா என்று. அந்த ஆசைக்குத் தீனி போட்டவன் பக்கத்து சீட்டு கோயம்புத்தூர்க்காரன். முப்பது வயது, பாட்டுப் பைத்தியம். அதற்கும் ஐந்து வருடம் முன்பே ஒருநாள் மதியம் தன் ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி என் காதில் வைத்தான். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஒரு ராக் குழு. கிட்டாரை வயலின் வில்லால் இழுக்கிறார்கள். ஒரு சுரத்தைப் பிடித்தால், அது மலைமேல் ஏறி, அங்கே உட்கார்ந்து, யோசித்து, பிறகுதான் இறங்குகிறது. பாடுகிறவரின் குரல், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவதுபோல மெல்லியது.

"என்ன சொல்றான்பா?" என்று கேட்டேன்.

"பாதி அவங்க பாஷைங்ணா. மீதி அவங்களே உண்டாக்கின பாஷை. அர்த்தமே கிடையாது."

அர்த்தமே இல்லாமல் இவ்வளவு துக்கமா! விழுந்துவிட்டேன். என் வீட்டில் இருந்தது கல்யாணத்துக்கு முன் வாங்கிய பெரிய டேப்ரெக்கார்டர். அதை மாற்றச் சொல்லி வீட்டில் யார் சொன்னாலும் நான் கேட்டதில்லை. அவனும் அலுத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர் போட்டு, கேசட்டில் பதிந்து பதிந்து கொடுத்தான். ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சோஃபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, அரை மணி நேரம் ஆழமான ஆளாக இருந்தேன். என் மனைவி அந்த நேரத்தில் கறிக்குழம்பைத் தாளித்துக்கொண்டே, "முடிஞ்சுதா? அடக்கத்துக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பாள்.

அந்த வருடம் நவம்பரில் கோயம்புத்தூர்க்காரனுக்குக் கல்யாணம். லீவில் போகும் அவசரத்தில் ஒரு கேசட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அட்டையில் பென்சிலால் 'புதுசு' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஞாயிறு மதியம் போட்டேன். சாய்ந்தேன். கண்ணை மூடினேன்.

தட்தட் என்று மேளம். யாரோ கைதட்டுகிறார்கள். கிட்டாரை வில்லால் இழுக்கவில்லை, சரக் சரக்கென்று விரலால் வாரி அடிக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்த ஆள் ஜன்னலைத் திறந்து வெளியே குதித்து, 'லா லா' என்று ஓடுகிறார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி தலையை நீட்டி, "இது நல்லா இருக்கே!" என்றாள். அதுவே எனக்குப் போதுமான சாட்சி. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் செட்டில் ஏதோ கோளாறு.

பழைய கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இப்போது தோன்றுகிறது.

மறுநாளே செட்டைத் தூக்கிக்கொண்டு அடுகோடிக்குப் போனேன். அங்கே ஒர்க்‌ஷாப் வரிசையில், லேத்துப் பட்டறைக்கும் டிங்கர் கடைக்கும் நடுவில், டேப்பும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் செய்யும் ஒரு பாய் இருந்தார். ஆளுக்கு அறுபது வயது. மூடியைத் திறந்து தூசியை ஊதினார். தன் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய கவ்வாலி கேசட்டை எடுத்துப் போட்டார். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் கேட்டார்.

"ஸ்பீடு பராபர் இருக்கு சார். மோட்டார் நல்லா இருக்கு. எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"இதப் போடுங்க பாய்," என்று 'புதுசு' கேசட்டைக் கொடுத்தேன்.

போட்டார். தட்தட். லா லா. பாயின் கால் தாளம் போட்டது.

"மஸ்தா இருக்கே!"

"அதுதான் பாய் கம்ப்ளெயின்ட்டு. இவங்க இப்படிப் பாட மாட்டாங்க. ரொம்ப மெதுவா, ரொம்ப சோகமாப் பாடறவங்க. அஞ்சு வருசமா கேக்கறேன்."

"வேற கேசட் இருக்கா? அதுவும் போட்டுப் பாக்கலாம்."

"வேணாம் பாய். எனக்குத் தெரியும்."

வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. "எனக்குத் தெரியும்" அதில் பல தடவை வருகிறது. பாய் கவ்வாலி கேசட்டை டிராயரில் போட்டு மூடினார். "உங்க செட்டு, உங்க காது," என்று சொல்லி, செட்டைத் திருப்பினார். கேசட் மோட்டாரின் முதுகில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். அதற்குள் ஒரு ஸ்க்ரூ. மெல்லிய திருப்புளியை உள்ளே விட்டு ஒரு பக்கம் திருகினால் வேகம் கூடும், மறுபக்கம் திருகினால் குறையும். பாய் திருகத் திருக, ஐஸ்லாந்துக்காரர்கள் ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்தார்கள். நடையிலிருந்து, மாடிப்படி ஏறும் மூட்டுவலிக்காரர் வேகத்துக்கு வந்தார்கள். குரல் கனத்தது. கைதட்டல்கூட ஏதோ இரங்கல் கூட்டத்தில் கேட்பதுபோல ஆனது.

"நிறுத்துங்க பாய்! இதுதான் அவங்க!"

வீட்டுக்கு வந்து பழைய கேசட்டுகளையும் போட்டேன். அவை இன்னும் மெதுவாக, இன்னும் ஆழமாக ஒலித்தன. ஒரு பாட்டு முடிவதற்குள் குக்கரில் நான்கு விசில் வந்துவிட்டது. இவ்வளவு நாள் வேகமாக ஓடிய செட்டில் இந்த ஆழத்தை இழந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டேன். எவ்வளவு தெளிவான ஆதாரம் கண்முன்னே வந்து நின்றாலும், அதை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிற ஜாதி நான்.

இப்போது என் மனைவியின் விஷயத்துக்கு வரவேண்டும். உண்மையில் இது அவளுடைய கதை.

கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறு மாலை எங்கள் கோயில் வளாகத்தில் கேரல் பாட்டுப் போட்டி நடக்கும். ஐந்து பங்குக் கோயில்களிலிருந்து பாடகர் குழுக்கள் வரும். எங்கள் குழுவில் தனிக்குரல் அவளுடையது. முந்தைய வருடம் அவள் பாடியபோது, மேலே போய் நிற்கவேண்டிய ஒரே ஓர் இடத்தில் குரல் 'கீச்' என்று உடைந்துவிட்டது. முன்வரிசைக் குழந்தை ஒன்று சிரித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு ஒரு மாதம் மீன்காரம்மா முதல் பால் பூத்துக்காரர் வரை, "தொண்டை இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அக்கறையைப் போலக் கொடுமை வேறில்லை. "இந்த வருசமும் போச்சுன்னா இனி மேடையே ஏற மாட்டேன்," என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் பேச்சுக்காக எதையும் சொல்கிறவள் அல்ல.

கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்ததால், வாரநாள் ஒத்திகைகளுக்கு அவளால் போகமுடியாது. அதனால் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் தன் சொந்த மெட்டை கீபோர்டில் வாசித்து ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்து, வீட்டில் பழகிக்கொண்டு போட்டியன்று நேராக வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிடுவார். அந்த வருடக் கேசட் எங்கள் வீட்டுக்கு வந்தது, நான் அடுகோடியிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

முதல் நாள் பாடிவிட்டு ஓடிவந்தாள்.

"என்னாங்க, கேட்டீங்களா? மேல நின்னுது! அசையாம நின்னுது!"

"நான்தான் சொன்னேனே, உனக்கு ஒண்ணும் இல்லன்னு."

"தினம் காலையில சுடுதண்ணி குடிச்சேன் இல்ல, தொண்டை தொறந்துகிச்சு."

மூன்று வாரம் அந்த வீட்டில் திருவிழாதான். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே மேலே போவாள். துணி காயப்போட்டுக்கொண்டே மேலே போவாள். மேலே போய் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தை ஆட்டுவாள். மீன்காரம்மாவிடம், "ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க," என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரன் லீவு முடிந்து வந்தான். மதியச் சாப்பாட்டின்போது ஸ்பீக்கரில் பாட்டு வைத்தான். தட்தட். கைதட்டல். லா லா.

"டேய், உன் கம்ப்யூட்டரும் வேகமா ஓடுதா?"

"என்னங்ணா சொல்றீங்க? கம்ப்யூட்டர் எப்புடிங்ணா வேகமா ஓடும்? இதுதான் புது ஆல்பம். கேசட் குடுத்துட்டுப் போனேனே, கேக்கலையா? அவங்க மாறிட்டாங்கண்ணா. செம ஜாலி."

"யாரக் கேட்டு மாறுனாங்க?"

சிரித்தான். நான் ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். கோமாளியின் சாபம் அது. தீப்பிடித்து எரியும்போது கத்தினால்கூட, "சூப்பர்ணா, இன்னொரு தடவை," என்பார்கள்.

என் கையில் தயிர்சாதம். மூளையில் ஒவ்வொரு விளக்காக எரிகிறது. அவர்கள் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் பாடியிருக்கிறார்கள். ஆகவே என் செட் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. ஆகவே நான்தான் அதை மெதுவாக்கினேன். ஆகவே அதில் போட்ட எல்லாக் கேசட்டும் மெதுவாக, கீழே இறங்கித்தான் ஒலித்திருக்கிறது. ஆகவே... அந்தக் கடைசி 'ஆகவே' வந்தபோது தயிர்சாதம் டப்பாவில் விழுந்தது. அவள் தொண்டை திறக்கவில்லை. பாட்டுதான் இறங்கி வந்து அவளுக்குத் தோள் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு அதன் நிஜ உயரத்தில் நிற்கும்போது, ஐந்து பங்குகளின் முன்னால், மறுபடியும் 'கீச்'.

மதியத்துக்குமேல் நான் சரிபார்த்த படிவங்களில், கால் உடைந்தவர்களுக்கெல்லாம் கை உடைந்ததாக எழுதியிருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

அன்று மாலை சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் 'வாங்க' என்பதையே பாட்டாகப் பாடினாள். எப்படிச் சொல்ல? கோழைகள் செய்வதைச் செய்தேன். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கான பொடி திருப்புளியோடு செட்டின் முதுகைத் திறந்தேன். சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் வைத்திருந்தேன். புதுப் பாட்டு எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று கோயம்புத்தூர்க்காரனிடம் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கியிருந்தேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாட்டை முழுவதும் ஓட்டுவது, நேரம் பார்ப்பது, ஒரு மயிரிழை திருகுவது, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவது. ஏழு தடவை. உலகத்தில் யாரும் அந்தக் குதூகலமான பாட்டை அவ்வளவு நடுக்கத்தோடு கேட்டிருக்க மாட்டார்கள்.

என் திட்டம் இதுதான்: செட் சரியாகிவிட்டால், மீதி இருக்கும் ஒன்றரை நாளில் அவள் சரியான உயரத்துக்குப் பழகிவிடுவாள். மூன்று வாரம் கட்டிய வீட்டை ஒன்றரை நாளில் மாடியோடு தூக்கி வைப்பதுபோன்ற திட்டம்.

அரைநாள் வேலை முடிந்து வந்தாள். கேசட்டைப் போட்டாள். பாடினாள். மேலே போகும் இடம் வந்தது.

கீச்.

மறுபடி. கீச். மூன்றாவது தடவை அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள். சோஃபாவில், நான் ஆழமாக இருக்கும் அதே இடத்தில், உட்கார்ந்தாள்.

"போச்சுங்க. தொண்டை போச்சு. நேத்து கம்பெனியில ஒருத்தி பர்த்டேன்னு ஐஸ்கிரீம் குடுத்தா. வேணாம் வேணாம்னு தின்னேன்."

"ஐஸ்கிரீம் இல்ல..."

"மாஸ்டருக்கு போன் போடறேன். வேற யாரயாவது பாடச் சொல்லட்டும். இன்னொரு வாட்டி எல்லார் முன்னாலயும் என்னால முடியாது."

அவள் அழவில்லை. போனைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கோழை ராஜினாமா செய்துவிட்டது. ஐஸ்லாந்து, அடுகோடி, பாய், ஸ்க்ரூ, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வழக்கமாக நான் பேசும்போது நடுவில் சிரிப்பு வரும். இதில் யாரும் சிரிக்கவில்லை.

போனைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ திருப்பினீங்க?"

"கால் ரவுண்டு இருக்கும்."

"மறுபடி திருப்புங்க."

திருப்பினேன். பாடினாள். மேலே போய் நின்றாள். அசையாமல் நின்றாள். நின்றபடியே கையால் எனக்குச் சட்டையைப் போட்டுக்கொள்ளும்படி ஜாடை காட்டினாள்.

"தூக்குங்க செட்ட. மாஸ்டர் வீட்டுக்குப் போறோம்."

மாஸ்டர் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். செட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஏன் சார், மகுகே ஹுஷாரில்வா?" என்று கன்னடத்தில் கேட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று அர்த்தம். "குழந்தை நல்லாதான் இருக்கு, அப்பனுக்குத்தான் சரியில்ல," என்று என் மனைவி சுத்தக் கன்னடத்தில் பதில் சொன்னாள். அவர் வேகத்தடைகளில் ரொம்பப் பார்த்து ஓட்டினார்.

மாஸ்டர் வெள்ளைக்காரர் காலத்துக் கன்டோன்மென்ட்டின் பழைய குடும்பம். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டை. நாங்கள் செட்டை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து, கேசட்டைப் போட்டோம். தன் சொந்த மெட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் கூடவே பாடினாள். மேலே போய் நின்றாள். அவர் கீபோர்டை இழுத்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கித் தேடினார்.

"என்ன மேன் பண்ணி வச்சிருக்கே? இந்தக் கட்டையும் இல்ல, அந்தக் கட்டையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல சந்துல கொண்டாந்து நிறுத்தியிருக்கே!"

"தப்புதான் மாஸ்டர்."

"சந்துலேந்து ஒரு பக்கமா ஒதுங்கிக்கிறேன் மாஸ்டர்," என்றாள் அவள். "கீழ்க் கட்டையிலயே பாடறேன். நீங்க அந்த ஸ்கேல்ல வாசிங்க."

மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். விஷயம் என்னவென்றால், அவர் முப்பது வருடமாக எல்லாப் பாட்டையும் ஒரே ஸ்கேலில், ஒரே சுருதியில்தான் வாசிப்பார். அவர் விரல்களுக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். ஸ்கேலை ஏற்றி இறக்க கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதைச் சோம்பேறிகளின் பட்டன் என்று அவர் ஒத்திகையில் ஏசாத நாள் கிடையாது.

"கீழ்க்குரல்ல பேஸ் பாடறவங்க என்ன செய்வாங்க? ஏற்கெனவே தரையில கெடக்காங்க. இன்னும் எறக்கினா பள்ளம் தோண்டணும்."

"போன வருசம் நான் மேல உடைஞ்சேன். இந்த வருசம் அவங்க கீழ உடையட்டும் மாஸ்டர். அவங்க நாலு பேரு. உடைஞ்சது யாருன்னு தெரியாது."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் பட்டனைத் தொடவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்மா," என்று மட்டும் சொல்லி, எங்களுக்கு பிளம் கேக் வெட்டிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம், அந்த 'பாக்கலாம்' என்றால் பார்ப்பாரா மாட்டாரா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் மட்டும் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்போல வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு மாலை. பந்தலில் இடமில்லாத கூட்டம். இரண்டாவது வரிசையில் மீன்காரம்மா, நல்ல புடவையில். எங்கள் குழு மூன்றாவதாக மேடையேறியது. நான் ஓரமாக, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், ஓடிப்போக வசதியாக நின்றேன். மாஸ்டர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சரிசெய்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, மூக்கைச் சொறிவதுபோல ஒரு கையைத் தூக்கி, மற்றக் கையால் அந்தச் சோம்பேறிகளின் பட்டனை இரண்டு தடவை அமுக்கினார்.

அவள் பாடினாள். மேலே போனாள், நின்றாள், இறங்கினாள். குரல் உடையவில்லை. கடைசி வரியில் பேஸ் நான்கு பேரும் கீழே போனார்கள். அங்கே அவர்களுக்குச் சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. ஐந்து குழுக்களில் எங்களுக்கு மூன்றாவது இடம் கிடைத்தது.